லேடிபவர் தண்ணிக்கு மேல சர்ச் கோபுரம் நின்னதப் பார்த்தேன்னு ஒரு பாட்டி சொல்றாங்க, நம்பலாமா?

உங்க கேள்விய ரெண்டு தடவை நிதானமா படிச்சேன். ஷெஃபீல்டுல ஒரு கேர் ஹோம்ல வேலை பார்க்கிறீங்க, அங்க 1936-ல பிறந்த ஒரு பாட்டி இருக்காங்க, லேடிபவர் ஏரிக்கு அடியில ஒரு ஊரே இருக்கு, சின்னப் பொண்ணா இருக்கப்ப தண்ணிக்கு மேல சர்ச் கோபுரம் மட்டும் தனியா நிக்கிறதப் பார்த்தேன், ராத்திரில தண்ணிக்குள்ள இருந்து மணி கேட்கும், பெரிய பெரிய பிளேன் தண்ணிய ஒட்டிப் பறந்துச்சுன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க, கூட வேலை பார்க்கிறவங்க "அவங்களுக்கு மறதி, விடு"ங்கிறாங்க, இதுல எது நிஜம்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியா ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "இத நான் எழுதி வச்சா யாருக்காவது உபயோகம் இருக்குமா"ன்னு, நீங்க உண்மையில கேட்க வந்தது அதுதான்னு எனக்குப் படுது. அதனால முதல்ல எது நிஜம் எது கதைன்னு பிரிச்சுச் சொல்லிட்டு, அப்புறம் அந்த வரிக்கு வர்றேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றத எவ்வளவு தூரம் எடுத்துக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் வந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாதிக்கு மேல ஒரு நூலகத்துல உள்ளூர் வரலாற்றுப் பிரிவுல வேலை, பழைய மேப், பழைய பேப்பர், ஓட்டர் லிஸ்ட், இதெல்லாம் தேடி வர்றவங்களுக்கு எடுத்துக் குடுக்கிறது. சனி ஞாயிறுல வயசானவங்க வீட்டுக்குப் போய் அவங்க பேசுறத ரெக்கார்ட் பண்ணி எழுதி வைக்கிற தன்னார்வ வேலையும் ரொம்ப நாளா பண்றேன். நான் டாக்டர் கிடையாது. அந்தப் பாட்டிக்கு மறதி நோய் எந்த அளவுல இருக்குங்கிறத நான் இங்க உட்கார்ந்து சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஊர் விஷயம் மட்டும் பேசறேன்.

நிச்சயமா நடந்தத முதல்ல சொல்றேன். ஷெஃபீல்டுக்கு மேற்கால, டெர்பிஷயர் மாவட்டத்துல டெர்வென்ட் ஆத்துப் பள்ளத்தாக்கு இருக்கு. ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் இந்த நாலு ஊருக்கும் ஃபேக்டரியும் ஜனமும் பெருகி தண்ணி பத்தலன்னு 1899-ல டெர்வென்ட் வேலி வாட்டர் போர்டுன்னு ஒண்ண சட்டம் போட்டு ஆரம்பிச்சாங்க. அவங்க மொதல்ல மேல ரெண்டு கல் அணை கட்டுனாங்க, ஹவ்டன் அணை 1912-ல முடிஞ்சது, டெர்வென்ட் அணை 1916-ல முடிஞ்சது. கல்லு கிரைண்டில்ஃபோர்டு பக்கத்துல போல்ஹில் குவாரியில இருந்து ரயில் போட்டுக் கொண்டு வந்தாங்க. அந்த வேலைக்காரங்களும் குடும்பமும் தங்க பிர்ச்சின்லீன்னு ஒரு தற்காலிக ஊரே எழும்புச்சு, எல்லாம் தகர வீடு, அதனால டின் டவுன்னே பேரு, ஏறத்தாழ ஆயிரம் பேர், பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி கடை எல்லாம் இருந்துச்சு, அணை முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப அங்க மரத்துக்கு நடுவுல நடந்தா மேடை மேடையா தரை மட்டும் தெரியும். இத ஏன் சொல்றேன்னா, உங்க பாட்டி "தகர ஊரு"ன்னு எதாவது சொன்னா அது அவங்க பார்த்தது இல்ல, அவங்க அப்பா தாத்தா சொன்னது. அப்படிச் சொன்னாலும் எழுதிக்கோங்க, யாரு சொல்லிக் கேட்டீங்கன்னு மட்டும் கேட்டு அதையும் பக்கத்துல போட்டுக்கோங்க.

ரெண்டு அணையும் போதாம மூணாவதா, கீழ, லேடிபவர் அணை. இது கல் அணை இல்ல, நடுவுல களிமண் வச்சு எழுப்புன மண் அணை. 1935-ல வேலை ஆரம்பிச்சு 1943-ல முடிஞ்சு, அதுக்கப்புறம் தண்ணி நிரம்பவே ரெண்டு வருஷம் கிட்ட ஆச்சு, 1945 செப்டம்பர் 25-ம் தேதி ஆறாம் ஜார்ஜ் ராஜாவே வந்து திறந்து வச்சாரு. இந்தத் தண்ணிக்குள்ள போனது ஒரு ஊர் இல்ல, ரெண்டு ஊர். ஒண்ணு ஆஷப்டன், இன்னொண்ணு டெர்வென்ட். ஆஷப்டன்ல ஒரு சத்திரம், ஒரு மெதடிஸ்ட் சேப்பல், சில வீடுங்க. டெர்வென்ட்ல சர்ச், பள்ளிக்கூடம், 1672-ல கட்டுன டெர்வென்ட் ஹால்னு ஒரு பெரிய பண்ணையார் மாளிகை. அந்த மாளிகைய 1930-கள்ல யூத் ஹாஸ்டலா மாத்தி, ஷெஃபீல்டு மான்செஸ்டர் பக்கத்துல இருந்து மலை ஏற வர்ற பசங்க தங்கிட்டுப் போனாங்க. இப்ப நீங்க ஏ57 ரோட்டுல ஸ்நேக் பாஸ் பக்கம் போகும்போது ஏரிக்கு மேல ஒரு நீள வயடக்ட், அதாவது உயரத் தூண் மேல நிக்கிற பாலம், அது மேல போவீங்க இல்ல, அதுக்குக் கீழதான் ஆஷப்டன் இருந்துச்சு.

இப்ப கோபுரத்துக்கு வருவோம். அந்தப் பாட்டி சொல்றது நடந்ததுதான், சந்தேகமே வேணாம். டெர்வென்ட் சர்ச்ல கடைசி ஆராதனை 1943 மார்ச் 17-ம் தேதி நடந்துச்சு. அப்புறம் சர்ச்ச இடிச்சாங்க, ஆனா கூரான கோபுரத்த மட்டும் ஊர் ஞாபகமா இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. தண்ணி ஏற ஏற மத்ததெல்லாம் உள்ள போயிடுச்சு, கோபுரம் மட்டும் ஏரி நடுவுல நின்னுச்சு. ஜனங்க நீந்திப் போய் அதத் தொட ஆரம்பிச்சாங்க, யாராவது செத்துடுவாங்கங்கிற பயத்துல 1947 டிசம்பர் 15-ம் தேதி வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. ஆக அந்தக் கோபுரம் தண்ணிக்கு மேல தனியா நின்னது மொத்தமே கொஞ்ச வருஷம். 1936-ல பிறந்தவங்களுக்கு ராஜா வந்தப்ப ஒன்பது வயசு, வெடி வச்சப்ப பதினொண்ணு. அந்த வயசுல பார்த்தது எதுவும் லேசுல அழியாது. இதே கதைய 1950-ல பிறந்த ஒருத்தர் "நான் பார்த்தேன்"னு சொன்னா நான் சந்தேகப்படுவேன், அப்படிச் சொல்றவங்களையும் நான் நிறையப் பார்த்திருக்கேன், அவங்க பொய் சொல்றவங்க கிடையாது. தண்ணிக்கு மேல கோபுரம் நிக்கிற ஃபோட்டோ அந்தக் காலத்துல இருந்து போஸ்ட் கார்டா வந்து இன்னைக்கு பப் சுவர் வரைக்கும் மாட்டியிருக்கு, சின்ன வயசுல இருந்து பார்த்துப் பார்த்து ஃபோட்டோவே ஞாபகமா மாறிடுது.

அப்ப நேர்ல பார்த்ததா ஃபோட்டோல பார்த்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்பீங்க. ஃபோட்டோல இல்லாதத கேளுங்க. யாரு கூட்டிட்டுப் போனாங்க, பஸ்லயா, ரயில்ல பாம்ஃபோர்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தீங்களா, கால் வலிச்சுதா, சாப்பிட என்ன கொண்டு போனீங்க, காத்து அடிச்சுதா, நீங்க எங்க நின்னுட்டுப் பார்த்தீங்க. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கோபுரம் நின்ன இடம் அணைக்கட்டுப் பக்கத்துல இல்ல, வயடக்டத் தாண்டி ஏரியோட டெர்வென்ட் ஆத்துப் பக்கக் கிளைக்குள்ள நல்ல தூரம் மேல போகணும். நேர்ல போனவங்க "ரொம்ப தூரம் நடந்தோம், அப்பா என்ன தோள்ல தூக்கிக்கிட்டார்"னு எதாவது சம்பந்தமில்லாத மாதிரி ஒண்ணு சொல்வாங்க. அந்த மாதிரி ஒட்டாத சின்ன விஷயந்தான் எனக்கு எப்பவும் நம்பிக்கை தர்றது. ஃபோட்டோவ மட்டும் பார்த்தவங்க ஃபோட்டோவையே வர்ணிப்பாங்க.

மணிச் சத்தம் வேற விஷயம். அது நடந்திருக்க வழி இல்ல. டெர்வென்ட் சர்ச்சோட மணிய தண்ணி வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டாங்க, அது டெர்பியில சாட்ஸ்டென் ஏரியால செயின்ட் ஃபிலிப் சர்ச்சுக்குப் போயிடுச்சு. மணியே இல்லாத கோபுரம், அதுவும் 1947-ல போச்சு. தண்ணிக்கடியில மணி அடிக்கிற கதை இந்த நாட்டுல முங்கிப்போன ஊர் எங்க இருக்கோ அங்கெல்லாம் இருக்கு. சஃபோக்ல டன்விச்னு ஒரு பெரிய துறைமுக ஊர் நூறு நூறு வருஷமா கடலுக்குள்ள சரிஞ்சு விழுந்து, கடைசி பழைய சர்ச் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாறை விளிம்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கடல்ல போச்சு, அங்கயும் புயல் ராத்திரில மணி கேட்கும்னு சொல்வாங்க. வேல்ஸ்ல அபர்டோவி பக்கம் போனா கடலுக்கடியில இருக்கிற ஒரு புராண நாட்டோட மணி கேட்கும்பாங்க. இடம் மாறும், கதை ஒண்ணுதான். அதுக்காக அந்தப் பாட்டி பேசும்போது "மணியத்தான் கழட்டிட்டாங்களே பாட்டி"ன்னு சொல்லிடாதீங்க, தயவு செஞ்சு. அவங்க என்ன வார்த்தைல சொல்றாங்கன்னு மட்டும் கவனிங்க. "நான் கேட்டேன்"னு சொல்றாங்களா, "கேட்கும்னு சொல்வாங்க"ன்னு சொல்றாங்களா? பெரும்பாலும் ரெண்டாவதுதான் வரும். நம்ம காதுல விழும்போது அது முதலாவதா மாறிடுது, நீங்க கேள்வில எழுதியிருக்கிறதுல கூட "மணி கேட்கும்"னுதான் இருக்கு பாருங்க.

பிளேன் விஷயம் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. 1943 வசந்த காலத்துல ராயல் ஏர் ஃபோர்ஸோட 617-வது ஸ்குவாட்ரன் லங்காஸ்டர் விமானங்கள டெர்வென்ட் அணை மேல தாழப் பறக்க விட்டுப் பழகுனாங்க, அந்த அணைல இருக்கிற ரெண்டு கல் கோபுரம் ஜெர்மனில அவங்க உடைக்கப் போற அணை மாதிரியே இருந்ததால. மே 16, 17 ராத்திரி நிஜமாவே போய் உடைச்சாங்க. அப்ப பாட்டிக்கு ஏழு வயசு கூட ஆகியிருக்குமோ என்னமோ. அதுக்கு அப்புறம் 1954-ல அதே தாக்குதல சினிமாவா எடுத்தப்ப மறுபடியும் லங்காஸ்டர்கள அதே பள்ளத்தாக்குல பறக்க விட்டாங்க, அப்ப அவங்களுக்குப் பதினெட்டு. அப்புறம் 2013-ல எழுபதாவது வருஷ ஞாபகமா ஒரு லங்காஸ்டர் அங்க பறந்துச்சு, ஜனம் திரண்டு நின்னு பார்த்துச்சு. ஆக அவங்க பார்த்தது இந்த மூணுல எது வேணா இருக்கலாம், மூணும் ஒண்ணா கலந்தும் இருக்கலாம். இங்க "எந்த வருஷம்"னு கேட்டா வேலைக்கு ஆகாது, யாருக்குமே வருஷம் ஞாபகம் இருக்காது. பக்கத்துல நடந்தது எதோட சேர்த்து இருக்குன்னு பாருங்க. அப்ப ஸ்கூலுக்கு கேஸ் மாஸ்க் எடுத்துட்டுப் போனீங்களா? மிட்டாய் வாங்க கூப்பன் வேணுமா? மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரியிலதான் போச்சு. ஷெஃபீல்டுல குண்டு விழுந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா? அது 1940 டிசம்பர் 12-ம் தேதியும் 15-ம் தேதியும், அந்த ரெண்டு ராத்திரிய இந்த ஊர்ல அந்த வயசுக்காரங்க யாரும் மறக்கல. பெரிய பனி விழுந்த வருஷமா? அது 1947 ஆரம்பம். இந்த மாதிரி நாலு முளை அடிச்சு வச்சுட்டீங்கன்னா அவங்க சொல்ற ஒவ்வொண்ணையும் அதுல கட்டிப் பார்க்கலாம். இன்னொண்ணு, டெர்வென்ட்ல குண்டு போட்டுப் பழகுனாங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது தப்பு. அங்க பறந்து மட்டும்தான் பழகுனாங்க.

அப்புறம் "ஒரு ஊரே அடியில இருக்கு"ங்கிறது. கேட்கிறப்ப வீடு வாசல் தெரு எல்லாம் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி மனசுல வரும். அப்படி இல்ல. தண்ணி விடறதுக்கு முன்னாடியே வீடுகள இடிச்சாச்சு, மாளிகையையும் இடிச்சாச்சு. சர்ச் கல்லறைல இருந்தவங்கள தோண்டி எடுத்து பாம்ஃபோர்ட் சர்ச் கல்லறைல மறுபடியும் அடக்கம் பண்ணாங்க. டெர்வென்ட்ல ஆத்து மேல இருந்த பொதிக்குதிரைப் பாலத்த கல்லு கல்லா நம்பர் போட்டுப் பிரிச்சு வச்சிருந்து, ஹவ்டன் ஏரிக்கும் மேல ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ்ங்கிற இடத்துல திரும்பக் கட்டுனாங்க, 1959-ல முடிஞ்சது, இன்னைக்கும் அது மேல நடந்து போகலாம். குடியிருந்தவங்களுக்கு அணைக்குக் கீழ யார்க்‌ஷயர் பிரிட்ஜ்ங்கிற இடத்துல வாட்டர் போர்டு வீடு கட்டிக் குடுத்துச்சு. ராவோட ராவா விரட்டுனாங்கங்கிறது சரி இல்ல, பல வருஷம் முன்னாடியே தெரியும். ஆனா வீடு குடுத்தா ஆச்சா, மேய்ச்சல் நிலத்தயும் பழகுன ஆத்தையும் யாரு திருப்பிக் குடுக்கிறது, அந்த வருத்தத்த நான் பேசுன பெரியவங்க எல்லார் குரல்லயும் கேட்டிருக்கேன்.

1976, 1995, 2018, 2022 இந்த மாதிரி வறட்சி வருஷங்கள்ல தண்ணி இறங்குச்சுன்னா டெர்வென்ட் மிச்சம் வெளிய வரும். ஆஷப்டன் வராது, அது வண்டலுக்கு அடியில போயிடுச்சு. 2018 இலையுதிர் காலத்துல நான் போய் நின்னேன். தரை முழுக்க காஞ்ச சேறு, அப்பளம் மாதிரி வெடிச்சு ஓரம் ஓரமா தூக்கிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு நடுவுல முழங்கால் உயரத்துக்கு மாளிகையோட சுவர் வரிசை. ஒரு வாசப்படிக் கல்ல குனிஞ்சு பார்த்தேன், நடுவுல மட்டும் கிண்ணம் மாதிரி தேஞ்சு இருந்துச்சு, அதுல கொஞ்சம் தண்ணி நின்னுச்சு. பக்கத்துல ஒரு குடும்பம் சுவர்ல இருந்து ஒரு கல்ல பெயர்த்து பையில போட்டுக்கிட்டிருந்தாங்க, ஞாபகத்துக்காம், எனக்கு மனசு தாங்கல, போய் வேணாங்கன்னு சொன்னேன், கேட்டாங்க, திரும்ப வச்சாங்க. நீங்க என்னைக்காவது போனா சேத்துல இறங்காதீங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இடுப்பு வரைக்கும் இழுக்கும், அந்த வருஷமே ஒருத்தர் மாட்டிக்கிட்டு மீட்புப் படை வந்து தூக்குனாங்க.

இப்ப உங்க கடைசி வரி. எழுதி வச்சா உபயோகம் இருக்கா? இதுக்குத்தான் இவ்வளவு நேரம் எழுதிட்டிருக்கேன். பிரிட்டன்ல எந்தக் கிராமத்தோட கதைய எடுத்தாலும் ஆரம்பப் புள்ளி சென்சஸ், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, வீடு வீடா, பேரு வயசு தொழிலோட, நூறு வருஷம் கழிச்சுத்தான் திறப்பாங்க. 1921 சென்சஸ் 2022-ல திறந்தாச்சு. அடுத்து 1931. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டோட 1931 சென்சஸ் படிவங்கள் மொத்தமா 1942 டிசம்பர்ல ஹேய்ஸ்ங்கிற இடத்துல வச்சிருந்த கிடங்குல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, எதிரி குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல, சாதாரண தீ. 1941-ல யுத்தம், சென்சஸே எடுக்கல. 1951 சென்சஸ் 2052-லதான் திறக்கும், ஆனா அதுல இந்த ரெண்டு ஊரும் இருக்காது, அப்பவே தண்ணிக்குள்ள. யுத்த நாள்ல ஓட்டர் லிஸ்டும் போடல. நடுவுல ஒரே ஒரு கைப்பிடி, 1939 செப்டம்பர் 29-ம் தேதி ரேஷனுக்கும் அடையாள அட்டைக்கும் வீடு வீடா எடுத்த ரிஜிஸ்டர், அது பத்திரமா இருக்கு, பேரு பிறந்த தேதி தொழில் எல்லாம் இருக்கு, ஆனா நூறு வயசு ஆகாதவங்க பேர, அவங்க இறந்தது பதிவாகாத வரைக்கும், கறுப்படிச்சு வச்சிருப்பாங்க. கறுப்புக்கு அடியில இருக்கிறது யாரு? அன்னைக்குக் குழந்தையா இருந்தவங்க. அதாவது இன்னைக்கு உயிரோட இருந்து ஞாபகம் சொல்லக்கூடியவங்க.

யோசிச்சுப் பாருங்க, டெர்வென்ட்டும் ஆஷப்டனும் சாகுற காலம் சரியா இந்த ஓட்டைல விழுது. ஷெஃபீல்டோட நிலையும் கிட்டத்தட்ட அதுதான், எந்தத் தெருவுல யாரு குடியிருந்தாங்க, குண்டு விழுந்த பிறகு எங்க போனாங்க, ஞாயித்துக்கிழமை எங்க போய் காத்து வாங்குனாங்க, அரசாங்கக் காகிதத்துல இடம் இல்ல. வாட்டர் போர்டு ஃபைல்ல அணைக்கு எத்தன டன் மண்ணு போட்டாங்கங்கிறது இருக்கும். ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு கரைல நின்னு, தண்ணிக்குள்ள இருந்து கோபுரம் முளைச்சு நிக்கிறதப் பார்த்து பயந்தாளா சிரிச்சாளாங்கிறது எந்த ஃபைல்லயும் இருக்காது. உங்க கேர் ஹோம்ல அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட மட்டும் இருக்கு.

எப்படி எழுதுறதுன்னும் சொல்றேன், நான் தப்புப் பண்ணிக் கத்துக்கிட்டது. இந்த வேலைய ஆரம்பிச்ச புதுசுல ஒரு அம்மா அவங்க கல்யாணம் நடந்த வருஷத்த மாத்திச் சொன்னாங்க, நான் கைல பேப்பர் வச்சிருந்தேன், உடனே "இல்லம்மா, அதுக்கு முந்தின வருஷம்"னு திருத்துனேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் அந்த அம்மா எதச் சொன்னாலும் "நீயே பார்த்துச் சொல்லு"ன்னுட்டு என் முகத்தையே பார்த்தாங்க, ஒரு மணி நேரம் போச்சு, ஒண்ணும் வரல, அடுத்த தடவை போறதுக்குள்ள அவங்க இல்ல. அதுல இருந்து நான் பேசும்போது திருத்துறதே இல்ல. காகிதத்தோட ஒப்பிடுறது வீட்டுக்கு வந்து செய்யுற வேலை. இன்னொரு பெரியவர், சின்ன வயசுல சொந்தக்காரங்க வீட்டுக்கு டெர்வென்ட் போய் வந்தவர், பேச்சே வராது, வாய திறந்தா ரெண்டு வார்த்தை. ஒரு நாள் டீ குடிச்சுட்டு இருக்கப்ப மேப் வரைஞ்சு காட்டுங்களேன்னு கேட்டேன். பேனாவத் தொடல. வெண்ணெய்க் கத்திய மேசை மேல நீட்டி வச்சு "இது ஆறு"ன்னார், சர்க்கரைக் கிண்ணம் சர்ச், பிஸ்கட் ஒவ்வொண்ணா வீடு, இங்க ஒரு நாய் இருக்கும், இங்க வேகமா ஓடணும்னு விரலால நடந்து காட்டுனார். முக்கால் மணி நேரம் பேசுனார். அப்புறம் நான் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்போட, அதாவது அரசாங்க நில அளவை மேப்போட, வச்சுப் பார்த்தேன், ரெண்டு வீட்ட இடம் மாத்திட்டார், மத்தபடி பாதை வளையுறது கூட சரியா இருந்துச்சு. அந்த நாய் எந்த மேப்லயும் இல்ல.

அதனால பெரிய கேள்வி கேட்காதீங்க, "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் வரும். சின்னதா கேளுங்க. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும், களைச்சுப் போனா விட்டுடுங்க. ஒரே விஷயத்த வேற வேற நாள்ல கேட்டு, எது மாறாம வருது எது மாறுதுன்னு குறிச்சுக்கோங்க, மாறாம வர்றதெல்லாம் உண்மைன்னு அர்த்தம் இல்ல, பல தடவை சொல்லிச் சொல்லிப் பாடமாகிப் போனதும் மாறாமத்தான் வரும், ஆனா நீங்க புதுசா ஒரு பக்கத்துல இருந்து கேட்டதும் அவங்க ஒரு நொடி நிறுத்தி, கண்ண எங்கயோ வச்சு, அப்புறம் சொன்னாங்க பாருங்க, அத அவங்க வார்த்தைலயே, ஷெஃபீல்டு பேச்சு வழக்குலயே எழுதிக்கோங்க, அழகா திருத்தி எழுதாதீங்க. அவங்க பார்த்தது, மத்தவங்க சொல்லிக் கேட்டது, உங்களுக்குத் தோணுறது, மூணையும் தனித்தனியா வைங்க.

இத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம், நீங்க அங்க வேலை பார்க்கிறவங்க. மேனேஜர்கிட்ட சொல்லாம, குடும்பத்துக்குத் தெரியாம ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணாதீங்க, நல்ல எண்ணமா இருந்தாலும் உங்க வேலைக்கே ஆபத்து, அதவிட அவங்களுக்கு அது நியாயம் இல்ல. மொதல்ல அந்தப் பாட்டிகிட்டயே கேளுங்க, இன்னைக்கு சரின்னாங்கன்னா அடுத்த தடவை மறுபடியும் கேளுங்க, அவங்களால முடிவெடுக்க முடியுமாங்கிற சந்தேகம் இருந்தா மகன் மகளோட பேசித்தான் செய்யணும். எழுதுறத ஃபேஸ்புக்ல போடாதீங்க. குடும்பத்துக்கு ஒரு பிரதி, அவங்க சம்மதிச்சா உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி. கூட வேலை பார்க்கிறவங்க "மறதி"ன்னு தள்ளி விடறது பத்தியும் ஒண்ணு, காலைல என்ன சாப்பிட்டோம்ங்கிறது மறந்து போனவங்களுக்கு எட்டு வயசுல நடந்த தெரு தெளிவா இருக்கிறத நான் எத்தனையோ வீட்டுல பார்த்திருக்கேன். எல்லாருக்கும் அப்படி இருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒண்ண மறந்தாங்கங்கிறதுக்காக இன்னொண்ண நம்பாம விடாதீங்க.

சரி பார்க்கணும்னா இங்க இருந்து ஆரம்பிங்க. பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப் எல்லாம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட்ல இலவசமா பார்க்கலாம், இங்கிலாந்து மேப்பும் சேர்த்து, பெரிசாக்கி ஒரு பிரிண்ட் எடுத்து பாட்டி முன்னாடி வைங்க, பேச்சு தானா வரும். ஆனா கோபுர ஃபோட்டோவ மட்டும் கடைசி வரைக்கும் காட்டாதீங்க, காட்டுன அன்னைக்கே அவங்க ஞாபகமும் அதுவும் கலந்துடும். 1947 டிசம்பர் நியூஸ்பேப்பர், ஷெஃபீல்டு சென்ட்ரல் லைப்ரரில கேட்டா வழி சொல்வாங்க. டெர்பிஷயர் பக்கத்துப் பள்ளிக்கூட லாக் புக், சர்ச் ரிஜிஸ்டர் எல்லாத்துக்கும் மேட்லாக்ல இருக்கிற டெர்பிஷயர் ரெக்கார்ட் ஆபீஸ்தான் இடம், லாக் புக் ரொம்ப நல்லா இருக்கும், ஹெட்மாஸ்டர் கைப்பட "இன்னைக்குப் பனி, நாலு பிள்ளைங்கதான் வந்தாங்க"ங்கிற மாதிரி எழுதி வச்சிருப்பாங்க. போறதுக்கு முன்னாடி மெயில் போட்டு என்ன வேணும்னு சொல்லிடுங்க, எடுத்து வைப்பாங்க. உள்ள பேனா விட மாட்டாங்க, ரெண்டு பென்சில் எடுத்துட்டுப் போங்க.